இன்டர்ஃபேஸ் ஒப்புமை பாதி வழிக்குத்தான்

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் டைப் கிளாஸை (ஒரு டைப், அதாவது தரவு வகை, எந்தெந்தச் செயற்கூறுகளைத் தர வேண்டும் என்ற பட்டியல்) ஜாவாவில் அதைப் போன்ற இன்டர்ஃபேஸோடு ஒப்பிட்டு, டைப் கிளாஸ் பற்றிய தன் கட்டுரையைக் கட்டுரையாளர் தொடங்கியிருப்பது புதியவர்களுக்கு உதவும். ஆனால் அந்த ஒப்புமை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஜாவாவில் ஒரு கிளாஸை எழுதும்போதே அது எந்த இன்டர்ஃபேஸை நிறைவேற்றுகிறது என்று சொல்லிவிட வேண்டும். ஹாஸ்கெலிலோ, வேறொருவர் என்றோ எழுதிவைத்த டைப்பையும் நாம் உருவாக்கிய டைப் கிளாஸுக்குள் பின்னர் ஓர் இன்ஸ்டன்ஸ் (அந்த டைப்புக்கு அச்செயற்கூறுகளின் வரையறை) எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். இதைவிடச் சுவையானது ஒரு டைப்பின் மிகச் சிறிய மதிப்பைத் தரும் 'மின்பவுண்ட்': அதற்கு உள்ளீடே கிடையாது, எந்த டைப்பில் விடை கேட்கிறோம் என்பதே போதும்; இன்ட் (முழு எண்) என்று கேட்டால் அந்த டைப்பின் மிகச் சிறிய எண்ணும், பூல் (உண்மை/பொய்) என்று கேட்டால் ஃபால்ஸும் வரும். (முதன்முறை பார்த்தபோது நான் நம்பவில்லை.) 1989இல் கணினி அறிவியலாளர்கள் வாட்லரும் பிளாட்டும் டைப் கிளாஸ் என்ற கருத்தை முன்வைத்தபோதே, செயற்கூறுகளின் அகராதியொன்றைக் கம்பைலர் மறைவான ஆர்க்யுமென்டாக (உள்ளீடாக) அனுப்பிவைப்பதாக விளக்கினார்கள், கட்டுரையில் விடுபட்டிருப்பது அந்த விளக்கம்தான்.