ஜீரோவில் நிற்காத தராசு

தோட்டா ரீலோடிங்குக்கு, அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி மருந்து நிரப்புவதற்கு, வாங்கும் டிஜிட்டல் தராசு ஏன் கொஞ்ச நேரம்கூட ஜீரோவில் நிற்க மாட்டேன் என்கிறது? மருந்தை அளக்கும் அலகான கிரெய்ன் ஒன்று என்பதே சுமார் 64.8 மில்லிகிராம்தான், அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்டுவேன் என்று பெட்டியில் போட்டுவிட்டு, ஃபேன் காற்று பட்டால் ஓடுகிறது, ஆன் செய்து சூடாகும்வரை சும்மாவே ஓடுகிறது. சரி, அதையாவது பொறுக்கலாம்.

வெடிமருந்தைத் துகள் துகளாகத் தட்டும்போது எண் அசையவே அசையாது! மெதுவாக ஏறும் எடையை, எண் சும்மா ஜீரோவிலிருந்து நகர்கிறது என்று நினைத்து, அதைத் தானாக ஜீரோவுக்கே திருப்பும் ஆட்டோ ஜீரோ வசதி விழுங்கிவிடுகிறது; கிண்ணத்தை எடுத்துத் திரும்ப வைத்தால் திடீரென்று 0.2 கிரெய்ன் கூடுதல். சின்ன கைத்துப்பாக்கித் தோட்டாவில் மொத்த மருந்தே நாலைந்து கிரெய்ன்தான், அங்கே இது அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்புறம் சோதனை எடைக்கல்லை வைத்து மறுபடி முதலிலிருந்து. அந்த ஆட்டோ ஜீரோவை அணைக்க ஒரு பட்டன் வைத்தால் என்ன குறைந்துவிடும்?