எங்கள் பயணத்துக்கு சிசி கணக்கு வேண்டாம்

இஞ்சின் அளவு 150 சிசிக்குக் குறைந்த பைக்குகளை இனி நெடும்பயணங்களில் சேர்ப்பதில்லை என்றொரு யோசனை எங்கள் கிளப்பில் வந்திருக்கிறது. வருகிற கூட்டத்தில் வாக்கெடுப்பு. நான் எதிராகத்தான் கை உயர்த்துவேன். கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் தருவார்கள், அதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் மனதில் கிடப்பதை இங்கே எழுதிவிடுகிறேன். கிளப்பில் இல்லாதவர்களும் வாசியுங்கள். திருகோணமலையில் பைக் ஓடுகிற எவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

யோசனையைக் கொண்டுவந்தது எங்கள் தம்பிமார்தான், வெளியார் யாருமில்லை. அவர்கள் சொல்வதில் ஒன்றை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். மலைநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நின்று நின்று வந்து, ஹபரணையைத் தாண்டுகிற நேரம் பொழுதுபட்டுவிடுகிறது. ஹபரணையிலிருந்து கல்ஓயாச் சந்தி, அக்போபுர என்று கந்தளாய்க்கு வருகிற ஏ-6 வீதியில் காட்டுப் பகுதி நிறைய. இருட்டினால் யானை வீதிக்கு வரும். வளைவில் திரும்பியதும் முன்னால் கறுப்பாக நிற்பது யானையா மரநிழலா என்று பைக் லைட்டில் பிடிபடாது. பிடிபடுகிற நேரம் கிட்டப் போயிருப்போம். விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பஸ்ஸோ லொறியோ வரும்வரை நின்று, அதன் பின்னால்தான் போவார்கள். ஹோர்ன் அடித்து விரட்டப் பார்ப்பதும், லைட்டை அணைத்து அணைத்துப் போடுவதும் உயிரோடு விளையாடுகிற வேலை. தூரத்தில் நின்று அதன் பாட்டில் போக விட வேண்டும். போன முறை பின்னால் வந்த பிள்ளைகள் இந்த வீதியில் பட்ட பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் நாம் பிந்தியது சின்ன பைக்குகளாலா? கொஞ்சம் கணக்குப் பாருங்கள். இங்கிருந்து கண்டி கிட்டத்தட்ட 180 கிலோமீற்றர். சராசரி 50 இல் போனால் மூன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். 60 இல் போனால் மூன்று மணித்தியாலம். வித்தியாசம் அரை மணித்தியாலமும் சொச்சமும். விடிய ஐந்துக்குப் புறப்படுவோம் என்று சொல்லிவிட்டு ஆறரைக்குப் புறப்படுகிறோமே, அதில் போகிற நேரம் இதைவிடக் கூட. தம்புள்ளையில் சாப்பிட இறங்கினால் எழும்ப மனம் வருவதில்லை. மாத்தளை தாண்டினால் திருப்பத்துக்குத் திருப்பம் வீடியோ. இத்தனையையும் விட்டுவிட்டு, 50 இல் ஒழுங்காக ஓடிவந்த மனிதர்மேல் பழியைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் கிளப் எப்படித் தொடங்கியது என்பது புதிதாகச் சேர்ந்த பலருக்குத் தெரியாது. யுத்தம் முடிந்து வீதிகள் திறந்த காலம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர், இலங்கையின் மிக நீளமான பாலம் என்று எல்லோரும் போய் நின்று படம் எடுத்தோம். அதற்கு முன்பு பாதை, அதுதான் ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவை, வரும்வரை காத்துக் கிடந்து, பைக்கை ஏற்றி, மறுகரையில் இறக்க வேண்டும். மூதூர், வெருகல், வாகரை என்று மட்டக்களப்புக்குப் போகிற ஏ-15 வீதியிலும் அதே கதைதான். பாலங்கள் ஒவ்வொன்றாக வர வர நாங்களும் ஒவ்வொரு துறையாகத் தாண்டி ஓடிப் பார்த்தோம். ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா போய் ஏ-9 இல் ஏறி யாழ்ப்பாணம் போனது, போகலாம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான். அப்போது எங்களிடம் என்ன பைக் இருந்தது? எம்.டி. 90, சி.டி. 125, சி.ரி. 100, ஹீரோ ஹொண்டா. 150 சிசி வைத்திருந்தவரை விரல் விட்டு எண்ணலாம். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் கிளப் என்ற ஒன்றே இருந்திருக்காது.

எம்.டி. 90 இல் வருகிற எங்கள் சேரைப் பலருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர். ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த பைக் அது, அவர் கையில் இன்னும் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிறது. பின்னால் கட்டியிருக்கும் றெக்சின் பையில் ஒரு பிளக், ரியூப், பஞ்சர் ஒட்டுகிற சாமான், கட்டுக்கம்பி, பாதி சவர்க்காரக் கட்டி. சவர்க்காரம் எதற்கென்று கேட்காதவர் இல்லை. பெற்றோல் டாங்கியில் கசிவு வந்தால் அதைத் தேய்த்து அடைத்துவிட்டு வீடு வரலாம். அக்போபுரவுக்கு இந்தப் பக்கம் ஒருமுறை எங்கள் தம்பி ஒருவரின் 200 சிசி பைக்கில் கிளச் கேபிள் போய்விட்டது. லீவரில் மாட்டுகிற இடத்துக் குமிழ் கழன்று கம்பி மட்டும் தொங்குகிறது. நல்ல பைக், நல்ல விலை, ஆனால் மாற்றுக் கேபிள் யாரிடமும் இல்லை. சேர் அந்த றெக்சின் பையினுள் கையை விட்டு, வயர் பூட்டுகிற பழைய கனெக்டர் ஒன்றை எடுத்தார். பிளாஸ்ரிக்கை உடைத்து, உள்ளே இருக்கிற பித்தளைத் துண்டை எடுத்து, கம்பி நுனியில் கோத்து, அதன் ஸ்குரூவை இறுக்கினார். அட்ஜஸ்ரரைத் தளர்த்தி லீவரில் கொழுவினார். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்தக் கேபிளோடு பைக் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. பொழுதும் இருட்டவில்லை. அந்தத் தம்பி இன்றைக்கு இந்த யோசனைக்கு ஆதரவாகக் கையெழுத்து வைத்திருக்கிறார். அவர் அந்தப் பின்னேரத்தை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இனி பெண்களின் விஷயம். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று கடற்கரையோடு போகிற பயணங்களில் எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தாதிமார், ஆசிரியைமார், வங்கியில் வேலை செய்பவர்கள். எல்லோரும் ஸ்கூட்டி பெப்பும் டியோவும்தான். ஒன்று 90 சிசிக்குள், மற்றது 110. 150 என்று கோடு கிழித்தால் அவர்களில் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். விதியில் பெண்கள் வேண்டாம் என்று எழுதவில்லைதான், நடக்கப்போவது அதுதான். வீட்டில் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்து சேருகிற பிள்ளைகள் அவர்கள். அவர்களைப் பார்த்து உன் பைக் சின்னது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கைக்காசு விஷயமும் இருக்கிறது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 இல்தான் திறந்தார்கள். இடையில் பழைய பைக்குகள்கூட என்ன விலைக்குப் போயின என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். மூதூரில் வயல் செய்கிற நானா, கந்தளாயிலிருந்து வருகிற மல்லி, சல்லியில் தோணி வைத்திருக்கும் அண்ணன், இவர்களிடம் போய் பெரிய பைக் வாங்கிக்கொண்டு வா என்று எப்படிச் சொல்வது? தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகமும் ஒன்றாகப் பயணம் போகிற இடங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கின்றன என்று சொல்லுங்கள். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ஊருக்கு ஊர் போகவே ஆட்கள் தயங்கிய மாதங்களில், நாங்கள் எல்லோரும் முதலில் ஒன்றாக இருந்து சாப்பிட்டது கிண்ணியாவில் ஒரு நானா வீட்டில். அவரிடம் இருப்பது சி.ரி. 100. அவரை இழந்து கிடைக்கிற வேகம் எனக்கு வேண்டாம்.

2022 ஐயும் மறந்துவிட்டோமா? பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 60 ஓடுகிற 100 சிசி பைக் அதில் 240 கிலோமீற்றர் ஓடும். 30, 35 ஓடுகிற பெரிய பைக் அதில் பாதியோடு நின்றுவிடும். அந்த மாதங்களில் தெரிந்தவர்களுக்கு மருந்து வாங்கிக்கொடுக்கவும், வாகனம் இல்லாத வயதானவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் ஓடியது யாருடைய பைக்? பெரிய பைக்குகளுக்கு உறை போட்டு வைத்திருந்தோம். என்னுடையதும் அந்த உறைக்குள்தான் கிடந்தது.

சரி, சின்ன பைக்கும் பெரிய பைக்கும் ஒரு வரிசையில் ஓடினால் ஆபத்தில்லையா என்று கேட்கிறார்கள். வரிசையைப் பிழையாகப் போட்டால் ஆபத்துத்தான். கூட்டமாக ஓடுகிற வரிசை இறப்பர் நாடா மாதிரி இழுபட்டுச் சுருங்கும். முன்னால் போகிறவர் 60 இல் சீராகத்தான் போவார். ஒரு சந்தியில், ஒரு மாட்டுக்கு, ஒரு பஸ்ஸுக்கு வேகம் குறைத்து மறுபடி எடுக்கும்போது இடைவெளி நீளும். அதை நிரப்பக் கடைசியில் வருகிறவர் 80 இல் ஓட வேண்டியிருக்கும். அந்தக் கடைசி ஆளாக 100 சிசிக்காரரை விட்டால் அவர் என்ன செய்வார்? இயலாத வேகத்தில் பைக்கை முறுக்குவார், இல்லையென்றால் காட்டுக்குள் தனியே விடப்படுவார். அதனால்தான் வழிகாட்டுகிறவருக்கு நேர் பின்னால் ஆகச் சின்ன பைக்கை விட வேண்டும். அவருடைய கண்ணாடியில் அந்தச் சின்ன பைக் எப்போதும் தெரிய வேண்டும், வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். பெரிய பைக்குகள் பின்னால் வரட்டும். இடைவெளி நீண்டால் எட்டிப் பிடிக்கிற பலம் அவற்றுக்குத்தான் இருக்கிறது. ஆகக் கடைசியில், பழுது பார்க்கத் தெரிந்த அனுபவசாலி ஒருவர். திரும்புகிற ஒவ்வொரு சந்தியிலும் ஒருவர் நின்று, கடைசி ஆள் வரும்வரை வழி காட்ட வேண்டும். காட்டுப் பக்கம் போன் எடுக்காது, ஆளை நிறுத்துவதுதான் நம்பிக்கை. இது எல்லாம் நாம் முன்பு செய்ததுதான். கொஞ்சக் காலமாகத்தான் முன்னால் போவதற்குப் போட்டி, கடைசியில் வர ஆள் இல்லை.

வீதியில் இருக்கிற ஆபத்துக்கு சிசி தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வீதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதில் பிறேக் பிடித்தால் எந்த ரயரும் வழுக்கும். இரவில் வீதியில் படுத்திருக்கிற மாடு எழும்பி வழிவிடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வயல்வெளியில் பக்கவாட்டாகத் தள்ளும். மாரியில் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. இத்தனைக்கும் நடுவில் 45 இல் வருகிறவருக்குப் பார்க்க நேரம் இருக்கிறது. சைலன்சரை மாற்றி வெடி வெடிக்க வைத்து ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுகிறவர்களைப் பற்றி ஒரு விதி கொண்டுவாருங்கள், முதல் கை என்னுடையது.

நுவரெலியா ஏற்றத்தில் சின்ன பைக் திணறுவது உண்மை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே ஏறுகிறோம். அங்கே காற்று மெல்லிசு, காபரேற்றர் இங்கே விட்ட அளவுக்கே பெற்றோலை விடும். கலவையில் பெற்றோல் கூடிப்போய் இஞ்சின் மூச்சு முட்டும். அதற்குத்தான் றம்பொடைப் பக்கம் நின்று இளைப்பாறி ஏற வேண்டும், பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறக்கூடாது. நின்றால் என்ன, பிளேன்ரீ குடிக்கிற ஊர்தானே அது.

அதனால் கூட்டத்தில் நான் வேறொரு தீர்மானம் கொண்டுவருகிறேன். மலைநாட்டுப் பயணங்களுக்கு ஓர் இரவு கூடுதலாகப் போடுவோம். திரும்பும்போது பின்னேரம் நான்கு மணிக்கு ஹபரணையைத் தாண்ட முடியாவிட்டால் யாரும் காட்டு வீதியில் இறங்குவதில்லை, ஹபரணையிலோ தம்புள்ளையிலோ தங்கிவிட்டு விடிய வருவோம். தங்குகிற செலவில் சந்தாப் பணத்திலிருந்து ஒரு பங்கு போடுவோம். புறப்படுகிற நேரம் ஐந்து என்றால் ஐந்துதான், வராதவருக்காக நிற்பதில்லை. வேகமாக ஓட ஆசைப்படுகிற தம்பிமாருக்குத் தனியாக ஒரு பயணம் ஒழுங்கு செய்வோம், வழிகாட்ட ஆள் தருவோம். அதற்கு 150 சிசி என்ன, 250 என்று வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை. கிளப்பின் பொதுப் பயணங்களுக்கு மட்டும் அந்தக் கோடு வேண்டாம்.

அடுத்த போயாவுக்கு, பௌர்ணமி விடுமுறைக்கு, வெருகல் போகிறோம், வாக்கெடுப்பு எப்படி முடிந்தாலும் அந்தப் பயணம் எல்லோருக்கும் திறந்தது. சேர் வருவதாகச் சொல்லிவிட்டார். செயினைப் பார்த்து எண்ணெய் விட்டுக்கொண்டு வாருங்கள், ரயர் காற்றை முதல்நாளே பாருங்கள், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 1990 அம்புலன்ஸ் எண்ணைப் போனில் போட்டு வைத்திருங்கள். கடைசி ஆளாக வர நான் பெயர் கொடுத்திருக்கிறேன், என்னோடு இன்னொருவர் வேண்டும். விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள்.