இடம் மட்டும் கூடினால் போதாது

அரசு கலைக் கல்லூரிகளில் மாணவர் இடங்களைக் கூட்டுவதே தீர்வு என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, கூட்டட்டும். ஆனால் பாடம் நடத்த ஆள் வேண்டாமா?

என் மகள் எங்கள் தருமபுரி மாவட்டத்து அரசு கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். அவளுக்குப் பாடம் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது நிரந்தரப் பணி இல்லாத தற்காலிக ஆசிரியர்கள். நன்றாகத்தான் நடத்தினார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் நடுப்பருவத்தில் ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்தத் தாளை மூன்று வாரம் பிள்ளைகள் தாங்களாகவே படித்தார்கள். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் இடத்தை மட்டும் கூட்டினால் இதுதான் பெருகும்.

அப்புறம் தூரம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து அரசு கலைக் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைப் பிள்ளை ஒரு சான்றிதழுக்காகத் தொப்பூர் கணவாய் தாண்டி, பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூர் வரை போனால் அன்றைய நாள் போச்சு, கூட வரும் அப்பாவின் கூலியும் போச்சு. 2004-லேயே கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டது. அங்கே ஒரு முழுநேர சேவை மையமாவது வைக்கலாமே.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்காக 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எங்கள் பக்கம் பெரிய உதவி. அதோடு பஸ்ஸும் சரியான நேரத்துக்கு வந்தால் மலையோரக் கிராமத்துப் பெண்கள் இன்னும் நிறையப் பேர் படிப்பார்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் ஒரு வண்டி, சாயங்காலம் ஒன்று. அதை முதலில் கொடுங்கள்.