‘பேஸ் சும்மா அதிரும் சார்!’

இன்னொரு தடவை எவனாவது என்னிடம் "பேஸ் சும்மா அதிரும் சார்" என்று சொல்லட்டும். அந்த ஹெட்போனை அவன் தலையிலேயே மாட்டி, விடிய விடிய பெடலை மிதித்துக்கொண்டே இருப்பேன்.

வீட்டில் ஆர்கன் வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார ராத்திரி ஒன்பது. ஸ்பீக்கரைத் தொட்டால் கீழ் வீட்டிலிருந்து போன். ஹெட்போன்தான் கதி. பழைய ஹெட்போனின் காது மெத்தை தோல் உரிந்து, கழற்றும்போதெல்லாம் என் காதோரத்தை மிளகு தூவின ஆம்லெட் மாதிரி ஆக்கிவிட்டிருந்தது. சரி, புதுசு வாங்கலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

கடைத் தம்பி, "எதுக்கு சார்? கேமிங்கா, ஜிம்மா?" என்றார்.

"ஆர்கன் வாசிக்க."

மேலும் கீழும் பார்த்தார். "மவுத் ஆர்கனா சார்?"

இல்லப்பா. ரெண்டு அடுக்குக் கட்டை, கீழே காலால் வாசிக்க பெடல், சர்ச்ல இருக்குமே. "அட, கீபோர்டு! அப்படிச் சொல்லலாம்ல சார்" என்று, ஏதோ நான்தான் இத்தனை நேரம் அவரிடம் உண்மையை மறைத்துவிட்டது போல உள்ளே போனார். வந்தவர் கையில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிற ஒரு சாதனம்.

"விளக்கு எதுக்குப்பா? என் தலைக்குப் பக்கத்துல எரியிறது எனக்கே தெரியாதே?"

"பாக்குறவங்களுக்குத் தெரியும் சார்."

நியாயம். அடுத்தது வந்தது. பேஸ், அதாவது கீழ்ச்சுருதி, சும்மா அதிருமாம். நானும் விடாமல், "32 ஹெர்ட்ஸ் கேட்குமா?" என்றேன். வீம்புக்குக் கேட்கவில்லை. ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறையக் குறையச் சுரம் கீழே போகும். பெடலில் 16 அடி ஸ்டாப்பை (எந்தக் குரல் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற பொத்தான்) போட்டு, ஆகக் கீழே இருக்கிற ஸி கட்டையை மிதித்தால் வருவது கிட்டத்தட்ட 32.7 ஹெர்ட்ஸ். அது கேட்காவிட்டால் நான் மிதித்தேனா, கால் மரத்துப்போய்க் கிடக்கிறதா என்று எனக்கே தெரியாது. தம்பி பெட்டியைத் திருப்பிப் படித்தார். "20லேருந்து 20,000 வரைக்கும் சார். முப்பத்திரண்டு உள்ள வந்துருதுல்ல?"

கணக்கில் பிழையே இல்லை. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்த 14,000 ரூபாய் பெட்டியிலும் அதே 20, அதே 20,000. வாசலில் கூடையில் கொட்டிக் கிடந்த 400 ரூபாய் பெட்டியிலும் அதே. அந்த ஓரங்களில் சத்தம் எத்தனை டெசிபல் குறைந்து கேட்கும் என்று பெரும்பாலும் எவரும் போடுவதில்லை. அதைப் போடாதவரை அந்த எண் பஸ் போர்டு மாதிரிதான். எழுதியிருக்கிற ஊர் வழியாகத்தான் பஸ் போகும், நிற்குமா என்று கேட்கக் கூடாது.

போனில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காதில் மாட்டினார். அதிர்ந்தது, பல் வரைக்கும் அதிர்ந்தது. ஆனால் எல்லாச் சுரத்துக்கும் ஒரே 'டும்'. ஆர்கனில் பெடல் என்பது மேளம் இல்லையே தம்பி, அது கொயரில், அதாவது சர்ச் பாட்டுக்குழுவில், ஆகக் கீழே பேஸ் பாடுகிறவரின் குரல். ஸி-யிலிருந்து ஜி-க்குப் போனால் போனது காதுக்குத் தெரிய வேண்டாமா? இவர்கள் கீழ்ச்சுருதியை மாவில் தண்ணீர் ஊற்றுவதுபோல் ஊற்றி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே கூழ்.

"வயர்லெஸ் எடுத்துக்கங்க சார். வயர்லாம் இப்ப யாரு வாங்குறா?"

"சத்தம் லேட்டா வருமேப்பா?"

"அது பழைய புளூடூத் சார். இது 5.3. லேகே கிடையாது."

அது புருடா என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். இருந்தும் வாங்கினேன். வெளியே வெயில், உள்ளே ஏசி. வேறு காரணம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் ஆர்கன் புளூடூத்துக்கு அண்ணன் வயசு. அதில் எங்கிருந்து அனுப்புவது? கடைக்குப் போன் போட்டால், "டிரான்ஸ்மிட்டர் 900 ரூபாய்தான் சார்". அதையும் வாங்கினேன். புதிதாகக் கீபோர்டு வாங்கியவர்கள் சிரிக்காதீர்கள். உங்கள் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற புளூடூத்தும் பெரும்பாலும் போனில் இருக்கிற பாட்டைக் கீபோர்டு ஸ்பீக்கரில் கேட்கத்தான். கீபோர்டு சத்தத்தை ஹெட்போனுக்கு அனுப்ப அல்ல. போய்ப் பாருங்கள்.

மாட்டி வாசித்தேன். விரல் இப்போது, சத்தம் அப்புறம். ஐந்தில் ஒரு நொடி இருக்கும். இவ்வளவுதானா என்பீர்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும்; ஐந்தில் ஒரு நொடிக்கு 68 மீட்டர். நான் சர்ச்சுக்குள் ஆல்டர் (பீடம்) பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, ஸ்பீக்கரைக் கொண்டுபோய்க் காம்பவுண்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்த கதை. பெரிய கதீட்ரல்களில் குழாய்கள் எங்கேயோ உயரத்தில் இருப்பதால் அங்கே வாசிக்கிறவர்களுக்கும் சத்தம் தாமதமாகத்தான் வரும், பழகிக்கொள்வார்கள். வாஸ்தவம்தான். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

எனக்கு நடந்தது என்ன? கை சத்தத்துக்குக் காத்திருந்தது, கால் கைக்குக் காத்திருந்தது. கல்யாணப் பாட்டாக ஆரம்பித்தது மூன்றாம் சரணத்தில் அடக்க ஆராதனைக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை திரும்பப் போனேன். ரிட்டர்ன் கிடையாதாம், எக்ஸ்சேஞ்ச்தானாம். வயர் வைத்ததைக் கொடுத்தார். பின் 3.5 மில்லிமீட்டர், ஆர்கனில் ஓட்டை 6.3. "கன்வெர்ட்டர் 60 ரூபாய் சார்." கொடுத்தேன். வீட்டில் மாட்டினால் இடது காதில் மட்டும் சங்கீதம், வலது காதில் சீலிங் ஃபேன். பின்னில் கறுப்பு வளையம் ஒன்று இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. இந்த ஞானத்துக்கு நான் கட்டிய பீஸ்தான் அந்த அறுபது.

செவ்வாய்க்கிழமை. இதைத்தான் நான் மறக்கவே மாட்டேன். கன்வெர்ட்டரை மேஜையில் வைத்து, "ஒரு காதுலதான் கேக்குது" என்றேன். அந்தத் தம்பி மிகுந்த கரிசனத்தோடு கேட்கிறார்: "காதைக் காட்டிப் பாத்தீங்களா சார்?"

இதற்கு நடுவில் ஆபீஸ் நண்பர் ஒருவர். ஓப்பன் பேக் (முதுகு திறந்த வகை) வாங்கு, 250 ஓம் (மின்தடை அதிகமான வகை) வாங்கு, அதைத் தள்ள ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கு என்று தினம் ஒரு உபதேசம். ஓப்பன் பேக்கில் ஆர்கன் நன்றாகத்தான் இருக்கும், காற்றோட்டமாக, ஒரு ஹாலில் உட்கார்ந்த மாதிரி. அந்த ஹால் முழுக்கப் பக்கத்தில் தூங்குகிறவளுக்கும் கேட்கும், அவ்வளவுதான். மூடின வகை வாங்கினால் சென்னை மே மாதத்தில் காது இட்லிப் பானை. போதாததற்கு மூக்குக்கண்ணாடி. அதன் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும், அந்தச் சந்து வழியே பேஸ் ஓடிவிடும்.

கடைசியில் வீடியோ எடிட்டிங் செய்கிற சித்தி மகன் தன்னுடைய பழைய ஸ்டுடியோ ஹெட்போனைக் கொடுத்தான். மூடின வகை, சுருள் வயர், பெட்டியிலேயே திருகிப் போடுகிற இரண்டு வளையக் கன்வெர்ட்டர். விளக்கு எரியவில்லை, எதுவும் அதிரவில்லை. ஸி ஸி-யாகக் கேட்டது, ஜி ஜி-யாகக் கேட்டது. நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் வாசித்தேன். வெளியே ஒரு சத்தம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன்.

இன்று காலை லிஃப்டில் கீழ் வீட்டு மாமி. "ஏன் தம்பி, ராத்திரி நேரத்துல உரல்ல என்னத்தப் போட்டு இடிக்கிறீங்க?"

பெடல். என் கால். டொக், டொக், டொக்.

"முன்னாடியாவது பாட்டுன்னு தெரிஞ்சுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. மாமியும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே.

அது கிடக்கட்டும். ஞாயிறு ஆராதனைக்கான பாட்டு லிஸ்டை சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு வாட்சாப்பில் அனுப்புகிறாரே எங்கள் கொயர் மாஸ்டர், அவரை யார் கேட்பது? வியாழக்கிழமையே அனுப்பினால் என்ன, விரல் தேய்ந்துவிடுமா? கேட்டால் ஒரு கும்பிடு பொம்மை வரும். போன வாரம் பன்னிரண்டு வரை விழித்து எல்லாவற்றையும் தேற்றி வைத்தேன். காலையில் மணி அடித்தபிறகு பக்கத்தில் வந்து குனிந்து காதில் சொல்கிறார்: "மூணாவது பாட்டு மாத்தியாச்சு. அப்படியே ஒரு கட்டை கொறச்சிருங்க."