மண் எடுக்க வருகிறவர்கள் அம்மம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்

போன வருடம் கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கைக்கு, மண்ணில் ஈயம் போன்ற நஞ்சு இருக்கிறதா என்று பரிசோதிக்க மூன்று பேர் வந்தார்கள். பக்கத்து வளவில் படலையடியில் ஐந்து இடத்தில் சின்னக் கரண்டியால் சுரண்டி, பைகளில் போட்டு, இலக்கம் எழுதிக்கொண்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார்கள். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா பிறகு என்னிடம் சொன்னார்: "பிள்ளை, சமாதான காலத்தில் பற்றரிக் கடை இருந்தது அந்தப் பக்கம் இல்லை. வேம்படியில் வைத்துத்தான் பற்றரியை உடைத்து ஊற்றுவார்கள். இன்றைக்கும் அங்கே புல் முளைக்காது."

அந்த வேம்படியில்தான் அவருடைய பேரன் மண் வீடு கட்டி விளையாடுகிறான். கோழிகளும் அங்கேதான் கிளறுகின்றன. பரிசோதனை முடிவு இன்றுவரை அந்த வீட்டுக்கு வரவில்லை.

பற்றரியிலிருந்து கொட்டிய ஈயம் மழையோடு கரைந்து போய்விடாது. மேல்மண்ணிலேயே பிடித்துக்கொண்டு தலைமுறைக் கணக்கில் கிடக்கும். பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள், தூசி வீட்டுக்குள் வரும். மூளை வளரும் வயதில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஈய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செனகல் நாட்டின் தாக்கார் நகர ஓரத்தில் பழைய பற்றரிகளை உடைத்த ஒரு பகுதியில், 2007 கடைசிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். மண்ணில் ஈயம் கிடக்கிறது என்று தெரிந்து, அதை அரித்து விற்றால் நாலு காசு வரும் என்று வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அந்த ஊர்ச் சனங்களே. அது நஞ்சு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கிளிநொச்சி இருக்கும் இந்த வன்னியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்கள் நகரங்கள் ஒரே இடத்தில் இருந்து வளரவில்லை. 1996இல் போரால் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது கடையும் கராஜும் சனத்தோடு சேர்ந்து மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் போயின. திரும்பி வந்தன, 2008இல் மறுபடியும் போயின. எந்தக் கராஜ் எந்த மரத்தடியில் எத்தனை வருடம் இருந்தது, கழிவு ஒயிலை எந்தக் கிடங்கில் ஊற்றினார்கள் என்பதை எந்த அலுவலகக் கோப்பில் போய்த் தேடுவது? அது சனங்களின் நினைவில்தான் இருக்கிறது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். போரால் அது நின்று நாற்பது வருடமாகிறது. அங்கே வேலை செய்த ஐயாமாருக்கு இப்போது என்ன வயது என்று எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் கேட்க இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது?

இதை எப்படிச் செய்வது என்று வன்னிக்கு யாரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. மிதிவெடி அகற்ற வந்தவர்கள் முதலில் ஊருக்குள் வந்து கேட்டார்கள். எங்கே மாடு செத்தது, எந்த வழியால் விறகுக்குப் போகிறீர்கள், பதுங்குகுழி எங்கே இருந்தது என்று கேட்டுக் குறித்த பிறகுதான் கருவியை எடுத்தார்கள். எங்கள் பெண்களே அந்த வேலைக்குச் சேர்ந்து முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறினார்கள். சிவப்புப் பலகை, பள்ளிக்கூடத்தில் வகுப்பு, தெருவெளி நாடகம் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை மண்ணில் தேடி, அதை ஊருக்கு விளங்கப்படுத்தும் வேலையை இந்தச் சனம் கூடநின்று செய்திருக்கிறது. ஈயத்துக்கு மட்டும் ஏன் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும்?

பரிசோதனை முடிவை வெளியே சொன்னால் சனம் பயந்துவிடும், காணி விலை இறங்கிவிடும் என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஓர் அறிக்கை தண்ணீரில் எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று ஆபத்தில்லை என்றது. சனம் இரண்டையும் நம்பாமல் போத்தல் தண்ணீரோடு அலைந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின் நிறுவனத்தை இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்ன பிறகும் அந்த அவநம்பிக்கை போய்விடவில்லை.

முடிவைச் சொல்வதென்றால் ஒரு கடதாசியில் இலக்கத்தை எழுதி நீட்டுவதும் போதாது. அமெரிக்காவில் வீட்டு மண்ணுக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் என்று இருந்த அளவுகோலை 2024இல் 200 ஆகக் குறைத்தார்கள். இதை வைத்து அம்மம்மா என்ன செய்வார்? பேரனை அங்கே விடலாமா, கீரையைப் பிடுங்கலாமா, முட்டையைக் கொடுக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. வெறும் மண்ணைக் கிறவலாலோ புல்லாலோ மூடலாம். வேறு இடத்து மண்ணில் பாத்தியை உயர்த்திப் போடலாம். கோழியை அந்த இடத்துக்கு விடாமல் அடைக்கலாம், சாப்பிட முதல் பிள்ளைக்குக் கை கழுவலாம். அவுஸ்திரேலியாவில் மக்குவாரி பல்கலைக்கழகம் 2013இலிருந்து வீட்டுக்காரர் அனுப்பும் தோட்டத்து மண்ணை இலவசமாகப் பரிசோதித்து, இப்படியான ஆலோசனையோடு முடிவை அவர்கள் கைக்கே அனுப்பியது.

போன ஞாயிறு எங்கள் ஒழுங்கைப் பெண்கள் ஏழு பேர் அம்மம்மாவின் திண்ணையில் கூடி, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைபடம் கீறினோம். பற்றரிக் கடை, இரண்டு கராஜ், வயர் எரித்துச் செம்பு எடுத்த இடம், பழைய இரும்பு குவித்த வளவு என்று ஒன்பது புள்ளி விழுந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இந்த வாரம் கொடுக்கிறோம். கரடிப்போக்கு, பரந்தன், மல்லாவிப் பக்கம் இருக்கிறவர்கள், உங்கள் வீட்டில் வயதானவர்களிடம் இன்றிரவே கேட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள். அந்தத் தாளில் இன்னும் இடம் இருக்கிறது.