பாதி இணையத்துக்கு முழுக் கட்டணம்

மாதம் தவறாமல் கட்டணம் செலுத்தி, வீட்டுக்குள் ஃபைபர் கேபிள் வரை இழுத்து வைத்திருக்கும் ஒருவனால், தன் வீட்டு மூலையில் ஓடும் தன்னுடைய சர்வரை வெளியூரிலிருந்து திறக்க முடியவில்லை என்றால், அதை இணைய இணைப்பு என்று சொல்லி விற்பதற்கு இந்த நிறுவனங்களுக்கு என்ன துணிச்சல் இருக்க வேண்டும்? வேகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பதிவிறக்கம் நூறு எம்பிபிஎஸ், பதிவேற்றமும் அதே நூறு எம்பிபிஎஸ் என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டார்கள், கிடைக்கவும் செய்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட, அதாவது ஒரு சிறு தரவுத் துண்டுகூட, தானாக என் வீட்டுக்குள் நுழைய முடியாத நிலையில், அந்தப் பதிவேற்ற வேகத்தை வைத்து நான் என்ன ஊறுகாயா போடுவது?

என் தேவை ஒன்றும் பெரிதில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவி, அதையே சர்வராக்கி, குடும்பப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது கைப்பேசியில் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு நுழைவாயிலை, திறந்து அந்த மடிக்கணினியின் பக்கம் திருப்பிவிட்டால் முடிந்துபோகிற வேலை இது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த டிஎஸ்எல் காலத்தில், ஒரு படம் இறங்குவதற்குள் காப்பி குடித்து முடித்துவிடலாம் என்ற வேகத்தில்கூட, இதைச் செய்ய முடிந்தது.

இன்று ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்தால், வான் ஐபி, அதாவது இணையத்தின் பக்கம் ரவுட்டருக்கு உள்ள முகவரி, என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் ஓர் எண் நிற்கிறது. நம் ஐபி முகவரியைக் காட்டும் தளம் எதையாவது திறந்தால், அங்கே அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறோர் எண். விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த 100-ஐக் கண்டவுடனேயே வயிறு எரியும். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள சுமார் 42 லட்சம் முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள்ளேயே புழங்கிக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. வெளியுலகில் அவை செல்லாது. நிறுவனத்திடம் உள்ள சிஜிநாட் என்னும் ஏற்பாடு, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து, அந்த முகவரியின் 65 ஆயிரத்துச் சொச்சம் போர்ட்டுகளை அவற்றுக்குள் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரு தெருவுக்கே ஒரே கதவிலக்கத்தைக் கொடுத்துவிட்டு, யாருக்கும் தபால் வரவில்லையே என்று கேட்டால் தபால்காரரைக் கைகாட்டுவது போன்றது இது. என் ரவுட்டரில் நான் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை; வரும் இணைப்பு என் ரவுட்டரை எட்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் கருவியில் விழுந்து மடிகிறது. போதாக்குறைக்கு, அதே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்காவது வாலாட்டினால், போக்குவரத்து விளக்குகள் உள்ள கட்டங்களைத் தொட்டுக் காட்டி நான் மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் கிடைக்கும் மரியாதை தனிக் கதை. "சார், நெட் வருதுல்ல?" என்று தொடங்குவார்கள். வருகிறது, ஆனால் எனக்குப் பொது முகவரி இல்லை என்று சொன்னால், "ரவுட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார்கள். அதையும் செய்து, மீண்டும் முதலிலிருந்து விளக்கி, நான்கு பேர் கைமாறிய பிறகு உண்மை வெளியே வரும்: "ஸ்டேட்டிக் ஐபி வேணும்னா அதுக்குத் தனியா சார்ஜ் ஆகும் சார்." நான் நிலையான முகவரியைக் கேட்கவே இல்லை. தினமும் மாறினாலும் பரவாயில்லை, அதைப் பின்தொடர டைனமிக் டிஎன்எஸ் என்ற சேவை இருக்கிறது; உலகத்துக்குத் தெரிகிற ஏதோ ஒரு முகவரி இருந்தால் போதும் என்றுதான் கேட்டேன். தொலைபேசியை எடுக்கும் அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் முன்னால் உள்ள திரையில் எழுதியிருப்பதைத்தானே அவர்கள் படிக்க முடியும்?

இதுவரை சொன்ன பழைய வகை முகவரிகள், அதாவது ஐபிவி4 முகவரிகள், தீர்ந்துபோனதற்கு இந்த நிறுவனங்களைக் குறை சொல்வது நியாயமாகாது. மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலக இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஏப்நிக் அமைப்பும் ரேஷன் முறைக்குப் போனது. புதிதாக வரும் நிறுவனத்துக்கு அங்கே 1,024 முகவரிகள்தான் உச்சவரம்பு என்றிருந்தது, 2019-இல் 512 ஆகக் குறைந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பு கொடுப்பவர் 512 முகவரிகளை வைத்துக்கொண்டு திண்டாடத்தான் செய்வார். இதுவரை நான் அவர்கள் பக்கம்.

ஆனால் அதற்கு அடுத்து வந்த புதிய முகவரி முறையான ஐபிவி6? இந்தப் பற்றாக்குறையை முன்கூட்டியே கணித்து, 1995 டிசம்பரிலேயே அதன் முதல் வரையறையை வெளியிட்டுவிட்டார்கள். ஒரு வீட்டுக்குத் தரப்படும் சாதாரண /64 தொகுதி ஒன்றிலேயே, பழைய இணையம் முழுவதும் உள்ள முகவரிகளைப் போல 430 கோடி மடங்கு முகவரிகள் இருக்கின்றன. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது என்பதும் பொய்யில்லை. என் மடிக்கணினிக்கும் அசலான பொது ஐபிவி6 முகவரி வந்து சேர்ந்திருக்கிறது. வந்த பிறகும் வெளியிலிருந்து அதைத் தொட முடியவில்லை. காரணம், நிறுவனம் கொடுத்த ரவுட்டர் உள்வரும் இணைப்புகள் அனைத்தையும் தடுக்கிறது. தொடக்கத்தில் தடுத்து வைப்பது சரிதான். இப்படித் தடுக்கும் ஃபயர்வால் என்றால் என்னவென்று அறியாத வீடுகளில் மலிவான சிசிடிவி கேமராக்கள் திறந்து கிடப்பதை நானும் விரும்பவில்லை. ஆனால் வீட்டு ரவுட்டர்களில் ஐபிவி6 பாதுகாப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 6092 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், பயனர் எளிதில் அந்தத் தடையை விலக்கிக்கொள்ளும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. என் ரவுட்டரில் அந்த வசதி இருக்கிறது என்பதுதான் கொடுமையிலும் கொடுமை. இணைப்பு கொடுக்க வந்தவர் தன் அட்மின் கணக்கில் நுழைந்தபோது திரையில் விரிந்த மெனுக்களில் பாதிகூட, எனக்குக் கொடுக்கப்பட்ட பயனர் கணக்கில் தெரிவதில்லை. அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டால் "கம்பெனி ரூல்ஸ் சார்" என்கிறார்கள். இது என் வீட்டுச் சுவரில், என் மின்சாரத்தில் ஓடும் பெட்டி.

ஒருவேளை அந்தத் தடையைத் தாண்டினாலும் அடுத்த அடி காத்திருக்கிறது. மின்தடைக்குப் பின் ரவுட்டர் மீண்டும் உயிர்பெறும்போது, வீட்டின் ஐபிவி6 தொகுதியே மாறிவிடுகிறது; பழைய முகவரிக்குத் திறந்து வைத்த வழி வீணாகிவிடும். தொகுதியை அடிக்கடி மாற்றாதீர்கள், நிலையாகக் கொடுங்கள் என்று ஐரோப்பாவின் இணைய நிறுவனங்கள் கூடும் ரைப் சமூகம் 2017-இலேயே விரிவான பரிந்துரையை எழுதி வைத்திருக்கிறது. இங்கே யார் படித்தார்கள்?

வேறு வழியில்லாமல் நான் செய்திருக்கும் ஏற்பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும். மும்பையில் உள்ள தரவு மையம் ஒன்றில் சிறிய சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அதற்கும் என் மடிக்கணினிக்கும் இடையே வயர்கார்டு என்ற மென்பொருளால் ஒரு தனிவழிச் சுரங்கம் போட்டிருக்கிறேன். சிஜிநாட் என் இணைப்பை மறந்துவிடாமல் இருக்க, 25 விநாடிக்கு ஒருமுறை என் மடிக்கணினி மும்பைக்கு ஒரு வெற்றுப் பாக்கெட்டை அனுப்பி "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று இரவு பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தெருவில் என் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்தால், அது என் வீட்டிலிருந்து மும்பை வரை போய்த் திரும்பி வருகிறது. ஃபைபருக்கு ஒரு பில், வாடகைச் சர்வருக்கு ஒரு பில்.

புது ஐபிவி4 முகவரிகளை எங்கிருந்தாவது வாங்கி வந்து கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஐபிவி6 முகவரியைப் பயன்படுத்தவிடுங்கள்; ரவுட்டரில் ஒளித்து வைத்திருக்கும் அந்த ஒரு மெனுவைப் பயனர் கணக்கிலும் காட்டுங்கள்; முடியாது என்றால், வேகத்தைப் போட்ட அதே கொட்டை எழுத்தில், இந்த இணைப்பில் வெளியிலிருந்து யாரும் உங்களை அடைய முடியாது என்பதையும் விளம்பரத் தாளில் அச்சடித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.