'கெற்' என்றால் 'பெறு' என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்

ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கும், பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்புகிற அம்மா அப்பாமாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நான் பார்த்த கொப்பிகளில் எல்லாம் ஒரே வினைச்சொல் அட்டவணைதான். ஈற், ஏற், ஈற்றன் என்றால் சாப்பிடு. கெற் (get), கொற், கொற் என்றால் பெறு. பாடமாக்கு, அடுத்த சொல்லுக்குப் போ. 'ஈற்' இதனால் பெரிதாகக் கெட்டுப்போகாது, 'கெற்' கெட்டுப்போகிறது.

'ஐ கொற் எ லெற்றர்', கடிதம் கிடைத்தது, சரி. ஆனால் 'இற்ஸ் கெற்றிங் டார்க்' என்று வந்தால் பிள்ளை 'அது இருட்டைப் பெறுகிறது' என்று எழுதுகிறது, பாவம், அதுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதானே. இருட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் அங்கே கருத்து. 'வீ கொற் ரு மாங்குளம்' என்றால் மாங்குளம் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும் 'கெற் ஒன்', 'கெற் ஒஃப்'. 'ஐ டோன்ற் கெற் இற்' என்றால் எனக்கு விளங்கவில்லை.

கெற்றுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழக்கினால் பாதிச் சிக்கல் தீரும். ஒரு பொருள் வந்தால் பெரும்பாலும் கிடைத்தது, வாங்கினேன் என்று வரும். டார்க், ரயர்ட், அங்கிரி மாதிரி நிலையைச் சொல்லும் சொல் வந்தால் அப்படி ஆகிறது என்று கருத்து. 'ரு' போட்டு இடத்தின் பெயர் வந்தால் போய்ச் சேர்வது. எல்லாவற்றிலும் கவனமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இன்னொன்று: 'ஐ ரிப்பேர்ட் மை சைக்கிள்' என்றால் நானே திருத்தினேன், 'ஐ கொற் மை சைக்கிள் ரிப்பேர்ட்' என்றால் கடையில் கொடுத்துத் திருத்துவித்தேன். சொற்களின் ஒழுங்கு மாறினவுடன் வேலை செய்த ஆளே மாறிவிடுகிறார். இதை 'பெறு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எப்படி விளங்கப்படுத்துவது?

எங்கள் 'விடு'வை எடுங்கள். மழை விட்டது, பள்ளிக்கூடம் விட்டது, பஸ்ஸை விட்டுவிட்டேன், இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதெல்லாம் தெரியும், ஒருவரும் அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை, வசனமாகக் கேட்டுக் கேட்டே வந்தது. ஆங்கிலத்தையும் அப்படி வசனமாகக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் இந்த 'கொற்றன்' (gotten), 'கெற், கொற், கொற்' என்பதில் கடைசிக் 'கொற்'றுக்குப் பதிலாக அமெரிக்கர் சொல்வது. யூடியூப்பில் அமெரிக்கர் சொல்வதைக் கேட்டுவிட்டு வகுப்பில் சொன்ன பிள்ளையைப் பிழை என்று ஏசாதீர்கள். 'கெற்' ஸ்கண்டினேவியப் பக்கத்துப் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், 'கொற்றன்' அதன் பழைய வடிவம். பிரித்தானியர் அதைப் பெரும்பாலும் கைவிட்டார்கள், அமெரிக்கர் வைத்துக்கொண்டார்கள். அதே பிரித்தானியர் 'ஃபொகொற்றன்' (forgotten, மறந்துவிட்ட) என்று இன்றும் சொல்கிறார்கள். எங்கள் பாடப்புத்தகம் பிரித்தானிய வழக்கில் போவதால் சோதனையில் 'கொற்' என்றே எழுதச் சொல்லுங்கள், அது போதும்.

சோதனைக்கு இதெல்லாம் வருமா என்று கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள். தரம் 11 முடித்து எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கடிதமும் கட்டுரையும் பிள்ளை சொந்தமாக எழுத வேண்டும். நேரமாகிவிட்டது, காய்ச்சல் வந்துவிட்டது, வீடு வந்து சேர்ந்தோம் என்று எதை எழுதப் போனாலும் கெற் தேவைப்படும். தரம் 3 தொடங்கித் தரம் 11 வரை 9 வருடம் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு வினைச்சொல்லுக்காக 2 கிழமை ஒதுக்கினால் பாடத்திட்டம் ஒன்றும் குழம்பிவிடாது.